மறதி நோய் வந்தவரை வீட்டில் பார்த்துக்கொள்வது: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாற்பது வருஷமாக வாசலில் புள்ளிக் கோலம் போட்ட கை, ஒரு மார்கழிக் காலையில் பாதியில் நின்றுவிடுகிறது. புள்ளி வைத்தாயிற்று, இழை எங்கே வளைய வேண்டும் என்பது பிடிபடவில்லை. வீட்டார் கண்ணாடியை மாற்றுகிறார்கள். அடுத்த மாதம் குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுகிறது. பிறகு கடையில் ஐம்பது ரூபாய்த் தாளும் ஐந்நூறு ரூபாய்த் தாளும் குழம்புகின்றன. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று ஒரு வருஷம் ஓடிவிடும். வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆரணி என்று எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் பெரும்பாலும் இப்படித்தான் பெயரே இல்லாமல் நுழைகிறது.

2023இல் வெளியான தேசிய அளவிலான கணக்கீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருக்கிறது. குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் நோய் வந்தவர் நிம்மதியாக இருக்கும் நாள்களைக் கூட்டுவது பெருமளவு வீட்டார் கையில் இருக்கிறது. கீழே சொல்லும் எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விதி: அவர் செய்வது எவ்வளவு விநோதமாகத் தெரிந்தாலும் அதற்கு ஒரு காரணம் உண்டு. அவரைத் திருத்தக் கிளம்பும் முன் அந்தக் காரணத்தைத் தேடுங்கள்.

படி 1: மறதியா, நோயா என்று பிரித்துப் பாருங்கள்

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உள்ள மறதி. சாவியை அரிசி டின்னில் போட்டுவிட்டு, மருமகள் திருடிவிட்டாள் என்று நம்புவது வேறு. பேத்தி கல்யாணத்துக்கு வந்தவர் பெயர் நாக்கில் வராமல் தவிப்பது மறதி. பேத்திக்குக் கல்யாணம் நடந்ததே நினைவில்லாமல் போவது வேறு. பார்க்க வேண்டியது இதுதான்: முன்பு தானாகச் செய்த வேலை எது இப்போது செய்ய முடியாமல் போயிற்று? பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, பஸ் மாறிப் போவது, புடவை கட்டுவது, பூ கட்டுவது.

பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். "இது எந்த வருஷம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்" என்பது போன்ற தேர்வுகளில் எழுத்தறிவில்லாதவர் நோய் இல்லாமலே தோற்றுப்போவார். உலகில் டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்ற கணக்கைப் பெயராக வைத்துக்கொண்ட 10/66 என்னும் பன்னாட்டுக் குழு, இந்தியாவில் களமாக எடுத்துக்கொண்ட இடங்கள் சென்னையும் வேலூரும். வேலூரில் அந்த வேலை நடந்தது கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில். கிராம சுகாதாரப் பணியாளரே கேட்டறியக்கூடிய கேள்வித்தாளை இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யினர் உருவாக்கியதும் இதே சிக்கலை மனதில் வைத்துத்தான். ஆகவே டாக்டர் தேர்வு மதிப்பெண் சொன்னால், "இவங்க படிக்கல சார், ஆனா போன வருஷம் வரைக்கும் வட்டிக் கணக்கு வாயாலயே சொல்வாங்க" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நோயிலும் வகைகள் உண்டு. அல்சைமரில் சமீபத்திய நினைவு முதலில் போகும்; இன்று காலை சாப்பிட்ட இட்லி மறக்கும், சின்ன வயதில் ஏரி உடைந்தது கதையாக வரும். ரத்தக்குழாய் அடைப்பால் வருவது படிப்படியாக இறங்கும். ஒரு சின்ன பக்கவாதம், ஒரு படி கீழே. லூவி பாடி வகையில் இல்லாத குழந்தைகளும் பூனைகளும் கண்ணுக்குத் தெரியும், உடல் விறைக்கும், தூக்கத்தில் கத்திக் கைகால் உதைப்பார்கள். முன்மூளை வகையில் நினைவு நன்றாகவே இருக்கும், குணம்தான் முதலில் மாறும், கூச்சம் போய்விடும்.

படி 2: திடீரென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி

டிமென்ஷியா மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வளர்வது. நேற்று வரை சரியாக இருந்தவர் இன்று ஆள் தெரியாமல் உளறினால், அல்லது பகலெல்லாம் மயங்கி இரவில் கலவரப்பட்டால், அது மூளைக் குழப்பம். உடம்பில் வேறெங்கோ தீ பிடித்திருக்கிறது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, சர்க்கரை தாழ்வு, நீர் வற்றல், மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த மாத்திரை ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். முதியவருக்குச் சிறுநீர்த் தொற்றில் காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமல்கூட இருக்கலாம். குழப்பம் மட்டுமே அறிகுறி. ஒரு மாதத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கித் தலையில் லேசாகப் பட்ட அடியும் மண்டைக்குள் மெல்ல ரத்தம் கட்டி இப்போது காட்டிக்கொடுக்கலாம். ஏற்கெனவே டிமென்ஷியா உள்ளவருக்கும் இந்தக் குழப்பம் மேலே ஏறி உட்காரும். "நோய் முத்திடுச்சு" என்று வீட்டிலேயே வைத்திருப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

படி 3: டாக்டரிடம் போகும்போது

கொண்டுபோக வேண்டியவை மூன்று. ஒன்று, வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளும் அட்டையோடு ஒரு மஞ்சப்பையில்; நாட்டு மருந்து, மெடிக்கலில் கேட்டு வாங்கியது உட்பட. இரண்டு, எப்போது என்ன மாறியது என்று ஒரு தாளில் மாதவாரியாக ஐந்தாறு வரி. மூன்று, கூடவே வசிக்கும் ஒருவர். வெளியூரிலிருந்து லீவில் வந்த பிள்ளை மட்டும் போனால் பாதி விஷயம் தெரியாது. நோயாளி முன்னால் அவர் குறைகளை அடுக்காதீர்கள். தாளை டாக்டரிடம் கொடுத்தால் போதும்.

மாத்திரைப் பை ஏன் என்றால், மறதியை மாத்திரையே உண்டாக்கியிருக்கலாம். அரிப்புக்கும் சளிக்கும் எடுக்கும் பெனிரமின், குளோர்பெனிரமின், தூக்கத்துக்கான அல்பிரசோலம், சிறுநீர் அடங்க ஆக்சிபியூட்டினின், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில். இவை வயதானவர் மூளையைக் கலக்குபவை. நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் காட்டி நிறுத்துங்கள்; சிலவற்றைச் சட்டென்று விட்டால் வேறு ஆபத்து வரும்.

ரத்தத்தில் பார்க்க வேண்டியவை: ஹீமோகுளோபின் உள்ளிட்ட அணுக்கள் எண்ணிக்கை, தைராய்டு, பி12, சர்க்கரை, சோடியம், கிரியாட்டினின், கல்லீரல். தலை ஸ்கேன் ஒருமுறை. தைராய்டு குறைவும் பி12 குறைவும் மறதியாகத் தெரியும், சரிசெய்தால் தேற வாய்ப்பு உண்டு. மனச்சோர்வும் அப்படியே, கணவரை இழந்த ஒருவர் எதற்கும் "தெரியல, தெரியல" என்று பதில் சொன்னால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். காதையும் கண்ணையும் மறக்காதீர்கள். காதில் அழுக்கு அடைத்திருப்பவரை மறதிக்காரர் என்று முத்திரை குத்திய வீடுகள் உண்டு.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவம் அல்லது மனநலப் பிரிவில் தொடங்கலாம். சி.எம்.சி.யில் முதியோர் மருத்துவப் பிரிவு தனியாக உண்டு. அதன் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. கூட்டத்தில் மணிக்கணக்கில் உட்கார வைப்பது நோயாளியை உலுக்கிவிடும். டோக்கன் போட ஒருவர் முன்னால் போய், முறை வரும்போது மற்றவர் ஆட்டோவில் கூட்டி வருவது நல்லது.

படி 4: மருந்தில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்

அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் மாத்திரையை வழக்கமாக இரவில் 5 மி.கி.யில் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரம் கழித்து 10 மி.கி. ஆக்குவார்கள். சிலருக்குச் சில மாதங்கள் நிலைமை இறங்காமல் நிற்கும். பழைய ஆளாகத் திரும்ப மாட்டார். குமட்டல், பேதி, பசியின்மை வரலாம். கெட்ட கனவு வந்தால் டாக்டரைக் கேட்டுக் காலைக்கு மாற்றுங்கள். நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்து என்பதால் தொடங்குமுன் ஒரு ஈ.சி.ஜி. எடுப்பது நல்லது, தலைசுற்றி விழுந்தால் உடனே சொல்லுங்கள். இன்னொரு மருந்தான மெமான்டின் 5 மி.கி.யில் தொடங்கி வாரம் 5 கூட்டி 20 வரை போகும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் குறைவு.

நினைவாற்றல் டானிக்குகளுக்குச் செலவிடும் பணத்தை மிச்சம் பிடியுங்கள். வல்லாரைத் துவையல் சோற்றுக்கு நன்றாக இருக்கும். அதற்காக மாத்திரையை விட வேண்டாம். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதுதான் மூளைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.

கத்துகிறார், அடிக்கிறார் என்று மனநோய் மாத்திரை கேட்டு வாங்குவது எளிது. ஆனால் டிமென்ஷியா உள்ளவர்களுக்கு அந்த வகை மாத்திரைகள் பக்கவாதத்தையும் மரணத்தையும் கூட்டுகின்றன. லூவி பாடி வகையினருக்கு அந்த மாத்திரைகளில் ஒன்றான ஹேலோபெரிடால் உயிருக்கே ஆபத்து. கட்டாயம் தேவைப்பட்டால் மிகக் குறைந்த அளவு, குறிப்பிட்ட வாரங்கள், பிறகு மறுபரிசீலனை என்று டாக்டரிடமே தேதி கேட்டு வாங்குங்கள்.

படி 5: ஒரு பக்கத்தில் அவரை எழுதுங்கள்

இதைப் பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு நோட்டுப் பக்கத்தில் எழுதி பீரோக் கதவில் ஒட்டுங்கள்: வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள், பிறந்த ஊர், செய்த தொழில், காபியா டீயா, எத்தனை மணிக்கு, சர்க்கரை எவ்வளவு, எந்தச் சாமி, எந்தப் பாட்டுக்குத் தலையாட்டுவார், எதைக் கண்டால் பயம், செத்துப்போன யாரை அடிக்கடி கேட்பார். நாளை ஒரு வேலையாளோ நர்ஸோ வந்தால் இந்தப் பக்கம்தான் அவர்களுக்கு வழிகாட்டும்.

மொழியையும் எழுதுங்கள். எங்கள் பக்கம் தெலுங்கு வீட்டு மொழியாக உள்ள குடும்பங்கள் ஏராளம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது. நோய் வளர வளர, பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் உதிரும். வெளியில் தமிழே பேசி வாழ்ந்தவர் திடீரென்று தெலுங்கில் மட்டும் பதில் சொன்னால் அது பிடிவாதம் கிடையாது. வேலைக்கு வரும் பெண்ணுக்கு "நீள்ளு" (தண்ணீர்), "அன்னம்" (சோறு), "நொப்பி" (வலி) என்று பத்து வார்த்தையாவது சொல்லிக்கொடுங்கள்.

பழகிய எளிய கை வேலை பலருக்கு வெகுநாள் மறக்காது. நெசவு செய்தவருக்கு நூற்கண்டு சுற்றக் கொடுங்கள். பீடி சுற்றியவருக்குத் துண்டுக் காகிதமும் நூலும் போதும்; புகையிலை வேண்டாம். தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர் துணியைத் தடவித் தடவி மடிப்பார். அம்மாக்களுக்கு முருங்கைக்கீரை உருவுதல், மொச்சை உரித்தல், மல்லிகை தொடுத்தல். இருபது நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். உரித்த மொச்சையில் தோல் கலந்திருந்தால் பின்பக்கம் போய்ப் பொறுக்கிக்கொள்ளுங்கள்; அவர் எதிரில் பொறுக்கினால் மறுநாள் உட்கார மாட்டார்.

படி 6: வீட்டைச் சரிசெய்யுங்கள்

ஒரே நாளில் வீட்டையே புரட்டிவிடாதீர்கள். கட்டில், சாமி படம், அவருடைய நாற்காலி ஆகிய மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

விழுவது பெரும்பாலும் பாத்ரூமிலும் இரவிலும். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு பல்பு எரிய வேண்டும். பழைய வீடுகளில் கக்கூஸ் கொல்லைப்பக்கம் இருக்கும். இரவில் அங்கே அனுப்பாமல் கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி போடுங்கள். தரையில் உட்காரும் கக்கூஸ்மேல் வைக்கும் ஸ்டாண்டு மருத்துவக் கருவிக் கடைகளில் கிடைக்கும்; உட்காரும் உயரம் சுமார் 45 செ.மீ. இருந்தால் எழுவது எளிது. சுவரில் கைப்பிடிக் கம்பியை நட்டுப் போல்ட்டால் பிடிக்க வையுங்கள். ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் வகை ஒருநாள் கையோடு வந்துவிடும். பாத்ரூம் கதவுக்கு மற்றக் கதவுகளிலிருந்து வேறு நிறம் அடியுங்கள், ஒரு படமும் ஒட்டுங்கள். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், உள்ளே பூட்டிக்கொண்டு திறக்கத் தெரியாமல் தவிப்பது சாதாரணம்.

மூளை ஆழத்தைத் தவறாகக் கணக்கிடும். தரையில் கிடக்கும் கறுப்பு மிதியடி அவருக்குக் குழியாகத் தெரியும். தாண்டப் போய் விழுவார். பளபளக்கும் டைல்ஸ் தண்ணீராகத் தெரியும். வாசற்படி விளிம்பில் மஞ்சள் பட்டை அடியுங்கள். கண்ணாடியில் தெரியும் கிழவி யாரோ என்று பயந்தால் கண்ணாடியைத் துணியால் மூடுங்கள்.

சமையல் முடிந்ததும் கேஸை ரெகுலேட்டரில் மூடுங்கள். ஃபினைல், ஆசிட், பூச்சி மருந்து, மண்ணெண்ணெய் எல்லாம் பூட்டுக்குள். கிணறு, சம்ப், தரைத் தொட்டி ஆகியவற்றுக்கு மூடியும் பூட்டும் வேண்டும். வாசல் கதவின் மேல்மூலையில் ஒரு தாழ்ப்பாள் போட்டால் பலர் அங்கே தேட மாட்டார்கள். ஆனால் ஆளைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போகவே கூடாது. தீ பிடித்தால் அவருக்கு வழி தெரியாது.

படி 7: பேச்சு

பாதி சண்டை இங்கேதான் பிறக்கிறது. எதிரே போய், கண் மட்டத்துக்குக் குனிந்து, பெயரோ உறவோ சொல்லிக் கூப்பிட்டு, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். "எழுந்து குளிச்சிட்டு சாப்ட்டு மாத்திரை போட்டுக்கோங்க" என்பது நான்கு கட்டளை. "அத்தை, எழுந்திருங்க" என்று சொல்லிவிட்டுப் பத்து விநாடி சும்மா இருங்கள். அவருக்கு அது போய்ச் சேர அவ்வளவு நேரம் வேண்டும். அவசரப்பட்டு வேறு வார்த்தையில் திருப்பிச் சொன்னால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

"நான் யாரு சொல்லு பாக்கலாம்?" என்ற கேள்வியை வீட்டிலிருந்தே ஒழித்துவிடுங்கள். விருந்தாளிகள் இதை ஏதோ விளையாட்டாகக் கேட்கிறார்கள். பதில் தெரியாதவருக்கு அது தேர்வு. "ஆயா, நான் உன் பேரன், ராணிப்பேட்டையிலர்ந்து வந்துகீறேன்" என்று நீங்களே சொல்லிக்கொண்டு உட்காருங்கள்.

சாயங்காலம் ஆனதும் ஒரு பாட்டி துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு, "எங்க வூட்டுக்குப் போவணும்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "இதான் ஆயா உன் வூடு" என்று பட்டா எடுத்துக் காட்டினாலும் நம்ப மாட்டார். அவர் கேட்பது அம்மா இருந்த வீடு, பயமில்லாத இடம். "அந்த வூட்டாண்ட இன்னா இருந்துச்சு ஆயா? புளியமரமா?" என்று கேளுங்கள். பேசவிட்டு, "வெளிய இருட்டிகினு வருது, ஒரு வாய் காபி குடிச்சிட்டு போலாம் வா" என்று கையைப் பிடித்துத் தெருமுனை வரை ஒரு நடை நடந்து திரும்புங்கள். திரும்பி வரும்போது பெரும்பாலும் அதுவே வீடாகிவிடும்.

இறந்த கணவரைக் கேட்டால்? ஒவ்வொரு முறையும் "அவர் செத்து பதினோரு வருஷமாச்சு" என்றால் ஒவ்வொரு முறையும் புதுச் சாவு. பொய் சொல்ல மனம் வராவிட்டால் சொல்ல வேண்டாம். "தாத்தாவ நெனச்சிகினீங்களா? அவருக்குக் கத்திரிக்காக் குழம்புன்னா உயிராச்சே" என்று அவரைப் பற்றியே பேச்சை நகர்த்தலாம்.

"நீதான் என் நகையைத் திருடிட்டே" என்பது மருமகள்கள் காதில் விழும் மிகக் கொடிய வார்த்தை. வாதாடாதீர்கள், நிரூபிக்காதீர்கள். "காணோமா? வாங்க சேர்ந்து தேடலாம்." ஒளித்து வைக்கும் இடம் நாலைந்துதான் இருக்கும்: தலையணை உறை, அரிசி, சாமி படத்துக்குப் பின்புறம், புடவை மடிப்பு. நிஜ நகையை லாக்கருக்கு மாற்றிவிட்டு ஒரு கவரிங் சங்கிலியைக் கையில் கொடுத்து வையுங்கள். அண்டை அயலாரிடம் நோயைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்தப் பழிச்சொல் தெருவில் விழுந்தாலும் மருமகள் தலை குனிய வேண்டியதில்லை.

படி 8: குளியல், கக்கூஸ்

குளிக்க மறுப்பதற்குக் காரணங்கள்: குளிர், தலையில் கொட்டும் நீர் தரும் பயம், துணி அவிழ்க்கும் கூச்சம், "இப்போதான் குளிச்சேன்" என்ற உறுதியான நம்பிக்கை. "குளிக்கிறீங்களா?" என்று கேட்டால் "வேணாம்"தான் வரும். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பழகியவரிடம், "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, சீயக்காய் எடுத்து வெச்சிருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். உடம்பே எழுந்து வரும்.

முதலில் துண்டு, மாற்றுத் துணி, சோப்பு எல்லாம் உள்ளே தயாராக இருக்கட்டும். நடுவில் விட்டுவிட்டு ஓடக் கூடாது. நான்கு காலும் வழுக்காத பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வையுங்கள். வெந்நீரை முழங்கை வைத்துச் சூடு பாருங்கள். தோளில் ஒரு துண்டைப் போர்த்தியபடியே, முதலில் பாதம், பிறகு கால், கை, உடம்பு. தலை கடைசியில், அதுவும் சொம்பால் கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொன்றையும் செய்யுமுன் சொல்லுங்கள். சோப்பை அவர் கையிலேயே கொடுத்தால் பாதி வேலையை அவரே செய்வார். மாமனாரை மருமகள் குளிப்பாட்ட நேர்வது இருவருக்குமே சங்கடம். மகனோ பேரனோ அந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும். அன்றைக்கு முரண்டு பிடித்தால் இருபது நிமிஷம் விட்டு மறுபடி முயலுங்கள். அதுவும் நடக்காவிட்டால் ஈரத்துணியால் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடி இவற்றைத் துடைத்தால் போதும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கக்கூஸுக்குக் கூட்டிப்போனால் ஈரத்துணி பாதி குறையும். துணியைப் பிடித்து இழுப்பது, எழுந்து எழுந்து உட்காருவது அதற்கான ஜாடை. புடவைக்குப் பதில் முன்புறம் திறக்கும் நைட்டி, வேட்டிக்குப் பதில் எலாஸ்டிக் வைத்த பைஜாமா.

படி 9: சாப்பாடும் தண்ணீரும், குறிப்பாகக் கத்திரி வெயிலில்

சித்திரை வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். இவர்களுக்குத் தாகம் தெரியாது, தெரிந்தாலும் கேட்கத் தெரியாது. இதயமோ சிறுநீரகமோ பழுதாகி டாக்டர் அளவு வைத்திருந்தால் தவிர, நாளுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்தால் மாலையில் கணக்கு தெரிந்துவிடும். தண்ணீர் வேண்டாம் என்பவருக்கு மோர், இளநீர், நுங்கு, தர்பூசணி. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை. பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை மொட்டை மாடி அறையில் வைக்காதீர்கள்.

எவர்சில்வர் தட்டின் பளபளப்பில் சோறு தெரியாது. வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் அறவே தெரியாது. வாழை இலையில் போட்டுப் பாருங்கள், அதே சோற்றை அவரே எடுத்துச் சாப்பிடுவார். இலை தினம் முடியாவிட்டால் கரும்பச்சை அல்லது நீலத் தட்டு. ஒரு நேரத்தில் ஒரு பதார்த்தம். டிவியை அணைத்துவிடுங்கள். கூட உட்கார்ந்து நீங்களும் சாப்பிட்டால் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவார். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். சட்டென்று இறங்கினால் வாயையும் பல்செட்டையும் சோதியுங்கள்.

விழுங்கும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் நுரைத்த மாதிரி கரகரப்பு, கன்னத்தில் சோற்றை அடக்கி வைப்பது எல்லாம் விழுங்குதல் தளர்வதன் அடையாளம். நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறு ஸ்பூனால் ஊட்டி, ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பின்பே அடுத்தது. முடிந்ததும் அரைமணி நேரம் படுக்க விடாதீர்கள். தண்ணீர் போன்ற கூழ் புரையேறும். கேழ்வரகுக் கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாக்குங்கள். களி உருண்டையை மெல்லாமல் விழுங்கிப் பழகிய ஊர் இது; இந்தக் கட்டத்தில் களி தொண்டையை அடைக்கும், நிறுத்திவிடுங்கள்.

படி 10: சாயங்காலப் படபடப்பு, வெளியே கிளம்பிப் போவது

பொழுது சாயும்போது பலருக்குக் கலக்கம் கூடும். ஐந்தரைக்கே எல்லா விளக்கையும் போட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள்; நிழல்கள்தான் ஆளாகத் தெரியும். மதியத் தூக்கம் அரைமணிக்குமேல் வேண்டாம். மூன்று மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம், கேட்டால் பால். காலை வெயிலில் அரைமணி நடை இரவுத் தூக்கத்துக்கு மாத்திரையைவிட மேல்.

வெளியே போய்விடும் பழக்கம் உள்ளவர் சட்டைப்பையிலும் புடவை முந்தானை உள்பக்கத்திலும் போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள், காகிதத்தை எடுத்தெறிந்துவிடுவார். தினமும் காலையில் உடுத்திய துணியோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தெருமுனை டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பூக்காரம்மா எல்லோரிடமும் உங்கள் நம்பர் இருக்கட்டும்.

காணவில்லை என்றால் முதல் பத்து நிமிஷம் வீட்டுக்குள்ளும் சுற்றிலும்: கட்டிலடி, மாடி, மாட்டுக்கொட்டகை. பிறகு கிணறு, ஏரிப் பக்கம் முதலில் ஒருவரை அனுப்புங்கள். மற்றவர் பழைய வீடு, பழைய வேலையிடம், வழக்கமான கோயில், பஸ் நிலையம், ரயில் நிலையம் என்று போகட்டும். பலர் கிளம்பிய திசையிலேயே நேராகப் போய் ஒரு வேலியிலோ புதரிலோ சிக்கி நிற்பார்கள். கூப்பிட்டாலும் குரல் கொடுக்க மாட்டார்கள். "24 மணி நேரம் ஆகட்டும்" என்று காத்திருக்கத் தேவையில்லை. அரைமணிக்குள் 112ஐக் கூப்பிடுங்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, திருவண்ணாமலை தீபம் போன்ற கூட்டங்களுக்கு அவரை அழைத்துப் போகாமல் இருப்பதே உத்தமம். சாமி கும்பிட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மதியம் போகலாம்.

படி 11: திடீரென்று ஆக்ரோஷமானால்

மாத்திரைக்கு முன் இந்த வரிசையில் தேடுங்கள்: மலம் போய் எத்தனை நாளாயிற்று, சிறுநீர் கழிக்கிறாரா, பல் வலியா, மூட்டு வலியா, பசியா, தாகமா, டிவி சத்தமா, புது ஆளா. வலியைச் சொல்லத் தெரியாதவர் அடித்துத்தான் சொல்வார். வலி என்று சந்தேகப்பட்டால், டாக்டரைக் கேட்டுப் பாரசிட்டமாலை நேரம் தவறாமல் இரண்டு மூன்று நாள் கொடுத்துப் பார்க்கலாம். அடங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. நடந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, எதைச் செய்ததும் அடங்கியது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். தினமும் நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடும்போதுதான் கத்துகிறார் என்பதுபோல் ஏதாவது அகப்படும்.

படி 12: படுக்கையில் விழுந்த பிறகு

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள்: இடம், மல்லாக்க, வலம். பிட்டம், குதிகால், இடுப்பெலும்பு இவற்றில் சிவப்பு தெரிந்து, அழுத்தினால் வெளுக்காமல் இருந்தால் புண் தொடங்கிவிட்டது. காற்றுப் படுக்கை வாங்கினாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது. வாயை நாளுக்கு இரண்டு முறை ஈரத் துணியால் துடையுங்கள். இந்தக் கட்டத்தில் மூக்குக் குழாய் வழியே ஊட்டுவது ஆயுளைக் கூட்டுவதில்லை, நிமோனியாவைத் தடுப்பதுமில்லை. முடிந்த மட்டும் கையால், அவர் ஏற்கும் அளவு ஊட்டுவதே ஆறுதல். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021) வலி நிவாரணச் சிகிச்சைக்கும் பிசியோதெரப்பிக்கும் வீட்டுக்கே வருவார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து வையுங்கள்.

படி 13: பணமும் கையெழுத்தும்

இதை வரிசையில் கடைசியில் எழுதினாலும் செய்வது முதல் மாதத்திலேயே இருக்கட்டும். பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள்; எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் இந்தியச் சட்டப்படி அந்த பவர் முடிந்துபோகும். அவருக்குத் தெளிவு இருக்கும்போதே வங்கிக் கணக்கில் இன்னொருவரைச் சேர்த்து, இருவரில் யாரும் எடுக்கலாம் என்று மாற்றுங்கள், நாமினியைச் சரிபாருங்கள், உயில் எழுத விரும்பினால் டாக்டர் சான்றோடு பதியுங்கள். தாமதமாகிவிட்டால் காப்பாளர் நியமனத்துக்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டி வரும். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று அவரே எழுதி வைக்கலாம்.

படி 14: பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது

எங்கள் பக்கத்து வீடுகளில் இந்த வேலை கேட்காமலே ஒரு பெண் தலையில் விழுகிறது. மற்றவர்கள் போனில் யோசனை சொல்வார்கள். அதை மாற்ற ஒரு வழி, வேலைகளைத் தாளில் எழுதிப் பெயர் போடுவது. சென்னை மகன் மாத்திரைச் செலவும் ஆஸ்பத்திரித் தேதிகளும். ஆற்காட்டு மகள் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு வந்து முழுப் பொறுப்பு. பேரன் தினமும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை. அந்த ஒரு மணி நேரத்தில் பார்த்துக்கொள்பவர் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். அடுத்த அறையில் உட்கார்ந்தால் அது ஓய்வில் சேராது.

கோபம் தலைக்கேறிக் கை ஓங்கத் தோன்றினால் அவரைப் பத்திரமான நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நில்லுங்கள். தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றால் 14416 என்னும் டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567. சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் மனநல நிறுவனத்தின் டிமென்ஷியா பிரிவும், 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்னும் அல்சைமர் நோய்க்கான சங்கமும் குடும்பங்களுக்குப் பயிற்சி தருபவை.

ஆள் வைத்துக்கொள்வதானால் முதல் மூன்று நாள் நீங்களும் கூடவே இருங்கள். பீரோக் கதவில் ஒட்டிய அந்த ஒரு பக்கத்தை வந்தவரிடம் வாசித்துக் காட்டி, மாத்திரை டப்பாவை நாள்வாரியாகப் பிரித்து வைத்து, குளிப்பாட்டும் வரிசையை ஒருமுறை செய்து காட்டுங்கள். நாலாம் நாள் அரைமணி நேரம் கடைக்குப் போய் வாருங்கள். திரும்பி வரும்போது கேட்க வேண்டியது இரண்டு: எவ்வளவு தண்ணீர் குடித்தார், எதற்குச் சிரித்தார்.